கழுவேலிக்கு வாய்த்த காவலர்கள்

சென்னையில் இரண்டு நாள் விடாமல் மழை பிடித்தால் போதும், நகரத் திட்டமிடல் துறையை வைவதற்கு ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. நன்றி கெட்ட ஊர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அந்தத் துறையும் அதன் கூடப்பிறந்த துறைகளும் செய்திருக்கும் தொண்டை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டாமா? இதுவரை யாரும் முன்வராததால் நான் எழுதுகிறேன்.

1960-களில் இந்தச் சதுப்பு ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்தது. இன்று அதில் பத்தில் ஒரு பங்கு சொச்சம் மிஞ்சியிருக்கிறது. ஏதோ கவனக்குறைவால் இப்படி ஆகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிர்வாகம் அறியாதவர்கள். கவனக்குறைவாக இருந்தால் ஒரு ஏரிக்கரை உடையும், ஒரு மதகு துருப்பிடிக்கும், அவ்வளவுதான். 4,000 ஹெக்டேருக்கு மேல் தண்ணீரைத் தரையாக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும், வரைபடம் வேண்டும், குழுமம் வேண்டும், கூட்டக் குறிப்பு வேண்டும், ரப்பர் ஸ்டாம்ப் வேண்டும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. சென்னைக்கு முதல் மாஸ்டர் பிளான் 1970-களின் நடுவில் வந்தது, இரண்டாவது 2008-இல் வந்தது. சதுப்பு சுருங்கிய அரை நூற்றாண்டும் நாம் திட்டமிட்ட அரை நூற்றாண்டும் ஒன்றேதான். திட்டமே இல்லாத காலத்தில், பாவம், அது பாட்டுக்குக் கிடந்தது.

அப்படிக் கிடந்தபோது அது என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்தால்தான் நம் பெருமை விளங்கும். மடிப்பாக்கம், நாராயணபுரம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் என்று சுற்றுப்பட்டு ஏரிகள் நிரம்பினால் உபரி நீரெல்லாம் இங்கே வந்து சேரும். வந்த தண்ணீர் எந்த அவசரமும் இல்லாமல் பரந்து நின்று, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளத்தில் கடலுக்குப் போகும். ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் நிலத்தில் பெய்த மழையை வாங்கி வைத்துக்கொள்ளும் வேலை. இதற்கு மோட்டார் கிடையாது, டெண்டர் கிடையாது, ஆபரேட்டர் கிடையாது. ஒரு பைசா புரளாத இப்படியோர் ஏற்பாட்டை எந்த பட்ஜெட்டில் காட்டுவது? வருவாய்த் துறையினர் பதிவேட்டில் கழுவேலி என்று எழுதி, உதவாத நிலங்களோடு வைத்தார்கள். நெல் விளையவில்லை, தீர்வை வரவில்லை, கிரயப் பத்திரம் போடவும் ஆளில்லை. பறவைகளிடம் தீர்வை வசூலிக்கும் வழியை மட்டும் அன்று எவராவது கண்டுபிடித்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

1985-86 வாக்கில் மத்திய அரசு நாடு முழுவதும் காப்பாற்ற வேண்டிய சதுப்பு நிலங்களைப் பட்டியல் போடத் தொடங்கியது. அதில் அடையாளம் காணப்பட்ட 94 இடங்களில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தவை மூன்று. கோடியக்கரை ஒன்று, மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஒன்று, பள்ளிக்கரணை ஒன்று. டெல்லியிலிருந்து இப்படியொரு மரியாதை வந்தபோது சென்னை சும்மா இருக்குமா? அதே எண்பதுகளில், நகரத்தின் வீடுகளில் மிஞ்சியதையெல்லாம் சேர்த்து நாள்தோறும் லாரி லாரியாகச் சதுப்புக்குச் சீர் அனுப்பத் தொடங்கியது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு அப்படித்தான் பிறந்தது. 225 ஏக்கர். பின்னால் 2017-இல் வந்த சதுப்பு நில விதிகள் இத்தகைய இடங்களில் திடக்கழிவு கொட்டக் கூடாது என்று சொல்லிவிட்டன. அதற்குள் சீர்வரிசை மலையாகி, அடிக்கடி புகையும் விட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஏறத்தாழ 350 கோடி ரூபாய் செலவில் அதைத் தோண்டிப் பிரித்து எடுக்கத் தொடங்கினார்கள். கொட்டும்போதும் ஒப்பந்தம், அள்ளும்போதும் ஒப்பந்தம். சும்மா கிடந்த ஒரு சதுப்பைக் கொண்டு இத்தனை பேருக்கு வேலை கொடுத்த நகரம் உலகில் வேறு உண்டா என்று தெரியவில்லை.

அறிவுத் துறைக்கும் இடம் ஒதுக்கத் தவறவில்லை. கடல் தொழில்நுட்பத்தை ஆராயும் தேசிய நிறுவனமும் காற்றாற்றலை ஆராயும் தேசிய நிறுவனமும் பள்ளிக்கரணையிலேயே வந்து அமர்ந்தன. பூநாரைகள் காற்றையும் கடலையும் நம்பித்தான் வந்து போகின்றன. அவற்றுக்கு ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். துரைப்பாக்கத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே இருநூறடிச் சாலை போட்டபோது அது சதுப்பைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது. இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ குறை எதுவும் தெரியவில்லை. நேற்றுவரை ஒரு சதுப்பு இருந்த இடத்தில் இன்று சாலைக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று இரண்டு சதுப்புகள் இருக்கின்றன. ஒன்றை இரண்டாக்குவதைப் பெருக்கம் என்றுதான் கணக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். தவிர, முன்னெல்லாம் பூநாரை பார்க்க வேண்டுமானால் முழங்கால் சேற்றில் இறங்க வேண்டும். இப்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். 5,000 ஹெக்டேரில் சிதறிக் கிடந்த பறவைகளைக் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் திரட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

2007-ஆம் ஆண்டைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். அந்த ஆண்டில்தான் 317 ஹெக்டேர் சதுப்பு, காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. அதே 2007-இல்தான் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை நீண்டது. பெருங்குடிப் பக்கம் அதன் தூண்கள் சதுப்பிலேயே கால் நனைத்து நிற்கின்றன. ஒரு கையால் வேலி, மறு கையால் தூண். மறு ஆண்டு இரண்டாவது மாஸ்டர் பிளானும் பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. வழித்தடமும் கைகோத்துக்கொண்டு வந்தன.

இவையெல்லாம் வெளிக்குத் தெரிகிற சாதனைகள். என் மனத்தைக் கொள்ளைகொள்வது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் நுணுக்கமான வேலை. ஒரு பெரிய கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் அங்குள்ள உயிரினங்கள் என்ன ஆகும் என்று அரசு விசாரிக்கிறது. உண்மையாகவே விசாரிக்கிறது. 2006-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியே தீர வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் வேண்டாம். 20,000-க்குக் கொஞ்சம் குறைவான கட்டடத்தால் பறவைகளுக்கு ஒன்றும் ஆகாது என்பது அறிவியல். அடுத்தடுத்து அப்படி நான்கு எழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்பது அதைவிட நுட்பமான அறிவியல். அதற்கு நான்கு தனித்தனி விண்ணப்பங்கள் போதும்.

20,000-ஐத் தாண்டிய தைரியசாலிகளுக்கு விசாரணை உண்டு. யார் விசாரிப்பது? அங்கீகாரம் பெற்ற ஓர் ஆலோசனை நிறுவனம். அதற்குப் பணம் கொடுப்பது யார்? கட்டப்போகிறவரே. மணமகளின் குணநலனை விசாரிக்க மணமகள் வீட்டாரே ஆள் அமர்த்திச் செலவும் செய்கிற இந்தப் பெருந்தன்மையை நம் கல்யாணத் தரகர்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அந்த அறிக்கைகள் சிலவற்றைப் படித்துப் பார்த்தேன். தாவரப் பட்டியலில் வேம்பு, எருக்கு, சீமைக்கருவேலம். விலங்குப் பட்டியலில் காகம், மைனா, அணில், கீரி, தெருநாய். அழிவின் விளிம்பிலுள்ள இனம் எதுவும் மனையில் தென்படவில்லை என்று ஒரு வரி. நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவான சதுப்பின் கரையில் நின்றுகொண்டு ஒரு காகத்தையும் ஓர் அணிலையும் மட்டும் பார்த்துவிட்டு வருவதற்கு எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேண்டும்!

காலக் கணக்கும் அப்படியே. இத்தகைய மதிப்பீட்டுக்கு வழக்கமாக ஒரு பருவத்துத் தரவு போதும்; அதுவும் மழைக்காலம் அல்லாத ஒரு பருவமாக இருக்க வேண்டும். மார்ச், ஏப்ரல், மே என்று வைத்துக்கொண்டால் சௌகரியம். வடகிழக்குப் பருவமழையோடு வரும் நீலச்சிறகிகளும் உள்ளான்களும் மார்ச்சோடு மூட்டை கட்டத் தொடங்கிவிடும், தண்ணீரும் வற்றியிருக்கும், சேறு காய்ந்து பாளம் வெடித்திருக்கும். ஒரு சதுப்பு நிலத்தைத் தண்ணீரும் பறவையும் இல்லாத வேளையாகப் பார்த்து அளப்பதில் ஒரு நடுநிலை இருக்கிறது. அவை இருக்கும்போது போனால் அளப்பவரின் மனம் சாய்ந்துவிடக்கூடும்.

இன்னொரு கருணையையும் சொல்லியாக வேண்டும். ஆலை, சுரங்கம் என்றால் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். கட்டடங்களுக்கும் நகரியங்களுக்கும் அந்தத் தொல்லை இல்லை; 2006 அறிவிக்கையே விலக்கு அளித்துவிட்டது. வெயிலில் பந்தல் போட்டு, மைக் பிடித்து, அறிக்கை இங்கிலீஷில் இருக்கிறதே என்று ஊர்க்காரர்கள் சண்டை போட்டு, போலீஸ் வந்து, எல்லாம் மிச்சம்.

நீளவால் இலைக்கோழி என்று ஒரு பறவை பள்ளிக்கரணையில் உண்டு. நீண்ட விரல்களைப் பரப்பி அல்லி இலைமேல் நடக்கும். மிதக்கும் இலை தழைகளின்மேல் கூடு கட்டும். பெட்டை முட்டையிட்டுவிட்டு அடுத்த சேவலைத் தேடிப் போய்விட, தனித்துவிடப்பட்ட சேவல்தான் அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கும். திட்டமிடல் கண்ணோட்டத்தில் இதன் குடும்பத்தைப் பாருங்கள். அஸ்திவாரம் இல்லாத கட்டுமானம். தண்ணீர் ஏறினால் கூடவே ஏறி, காற்றடித்தால் நகரும். எனவே கதவு எண் கொடுக்க முடியாது. பட்டா இல்லை, சிட்டா இல்லை, திட்ட அனுமதி இல்லை, குடும்பத் தலைவி எங்கே என்றும் தெரியவில்லை. இப்படிப்பட்ட ஆக்கிரமிப்பாளரை இத்தனை ஆண்டுகள் நோட்டீஸ் ஒட்டாமல் விட்டுவைத்திருப்பதே அரசின் பொறுமைக்குச் சான்று.

நீர்வளத் துறையையும் விட்டுவிடக் கூடாது. தாழ்வான மனையில் கட்டுவதென்றால் வெள்ளம் தேங்குமா என்று அவர்களிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றில் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: மனையை இன்ன உயரத்துக்கு மண் கொட்டி நிரப்பி, கெட்டித்து, பிறகு கட்டவும். எவ்வளவு எளிமை! இங்கே தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் நிற்கும் இடத்தில் கட்டக் கூடாது. எனவே தண்ணீர் நிற்காதபடி செய்துவிட்டுக் கட்டுங்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்காதீர்கள். பக்கத்து மனைக்குப் போகும். பக்கத்து மனைக்காரர் சான்று கேட்டு வரும்போது அவருக்கும் ஓர் உயரம் எழுதித் தருவார்கள். கடைசியில் மண் கொட்ட வசதி இல்லாதவன் வீட்டுக் கூடத்தில்தான் அது போய் நிற்கும். அவன்தான் எந்தச் சான்றுக்கும் விண்ணப்பிக்கவில்லையே.

இயற்கைக்கு இடம் ஒதுக்கவில்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையென்றால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மனை அதைவிடச் சிறியதானால் நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டிவிடவும் வழி உண்டு. சதுப்பில் பத்தில் ஒரு பங்கு, மனையில் பத்தில் ஒரு பங்கு: இந்தக் கணக்கு எங்கும் மாறவில்லை. ஒதுக்கிய இடத்தில் கொரியன் புல் பாய் விரித்து, சிமெண்டில் கொக்கு வைத்து, சறுக்குமரம் போட்டிருப்பார்கள். அந்தக் கொக்கு வலசை போவதில்லை; ஆண்டு முழுவதும் கிடைக்கும். உயிருள்ளவை வேண்டுமென்றால் அதற்கும் குறைவில்லை. மழைக்காலத்தில் கண்ணாடி விரியனும் சாரையும் லிஃப்ட் பக்கம் வந்து நலம் விசாரிக்கின்றன. வீட்டுக்குள் பாம்பு புகுந்தது என்று மறுநாள் பத்திரிகையில் செய்தி வரும். பாம்பின் இடத்தில் வீடு புகுந்தது என்று எழுத அவர்களுக்கு இடமில்லை. கட்டட விளம்பரங்களே பக்கம் பக்கமாக வந்துவிடுகின்றன.

அப்படியொரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மைத்துனருக்காக ஒரு மனையைப் பார்க்கப் போயிருந்தோம். விற்பனைப் பிரிவுத் தம்பி, டை கட்டியவர், வெயிலில் குடை பிடித்து அழைத்துப் போனார்.

“மாமா, இது அந்தச் சதுப்பு நிலத்துல வராதே?” என்று மைத்துனர் என் காதைக் கடித்தார். தம்பிக்குக் கேட்டுவிட்டது.

“சார், கவலையே வேண்டாம். சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு. சதுப்பு நிலம் அந்தக் காம்பவுண்டுக்கு அப்பால சார். நமக்கு வியூ மட்டும்தான்.”

“மழைக்குத் தண்ணி வருமா தம்பி?”

“ரோட்ல வரும் சார். உள்ள வராது. நாம மூணடி தூக்கியிருக்கோம்.”

“அப்புறம் அந்த வியூ எத்தனை வருஷத்துக்கு இருக்கும்?”

தம்பி நேர்மையானவர். “ஃபேஸ் டூ வர்ற வரைக்கும் சார்” என்றார்.

உலகத் தரத்துக்கு வருவோம். 2022-இல் பள்ளிக்கரணைக்கு, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. பரப்பளவு 1,247.54 ஹெக்டேர் என்று தசமப் புள்ளிக்குப் பின்னும் இரண்டு இலக்கம் சுத்தமாகக் கணக்கிட்டு உலகத்துக்கு எழுதிக் கொடுத்தோம். அதில் ஏறத்தாழ 700 ஹெக்டேர் வனத்துறையின் கையில் இருப்பது. மீதி 550 ஹெக்டேர் சொச்சம் எந்தெந்த சர்வே எண்களில் வருகிறது என்பதைத் தரையில் சரிபார்க்கும் வேலை அதன் பிறகு தொடங்கி, மூன்று ஆண்டு கழித்து 2025-இலும் நடந்துகொண்டிருந்தது. முதலில் உலகத்துக்குச் சொல்லிவிட்டுப் பிறகு எங்கே இருக்கிறது என்று தேடுகிற தன்னம்பிக்கை எல்லோருக்கும் வராது. சதுப்பு நில விதிகளில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. சதுப்பைச் சுற்றி, அங்கே செய்வது உள்ளே பாதிக்கும் என்கிற அளவுக்கு ஒரு தாக்க மண்டலத்தையும் வரையறுக்க வேண்டும். எல்லையே சரிபார்ப்பில் இருக்கும்போது எல்லைக்கு அப்பால் எதை அளப்பது? மண்டலம் காத்திருந்தது. காத்திருப்பதில் சதுப்புக்கு நல்ல பழக்கம்.

கட்டடங்கள்தான் காத்திருக்கவில்லை. அரசு அலுவலகத்தில் கோப்பு நகராது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாக்கத்தைப் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில், அங்கே ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வந்த சில நாட்களுக்குள் திட்ட அனுமதியும் வந்து சேர்ந்தது. மூன்றாண்டு முடியாத அளவை ஒரு பக்கம், மூச்சு விடுவதற்குள் முடிந்த அனுமதி இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே அரசு இயந்திரம் செய்து காட்டியது. அந்தத் திட்டம் ராம்சார் எல்லைக்குள் வருகிறது என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் குற்றம்சாட்டியதும், அது பட்டா நிலம், எல்லை இன்னும் இறுதியாகவில்லை என்று விளக்கம் வந்தது. மிகச் சரியான விளக்கம். எல்லை இறுதியாகாத வரை எதுவுமே எல்லைக்குள் வர முடியாது. உயர் நீதிமன்றம் இந்தத் தர்க்கத்தின் அழகில் மயங்காமல் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வோ அதற்குச் சற்று முன்பே, ஆய்வு முடியும்வரை ராம்சார் பகுதிக்குள்ளும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புது அனுமதியே கூடாது என்று சொல்லியிருந்தது. வேலை செய்கிறவர்களை வேலை செய்ய விடுவதில்லை இந்த நாட்டில்.

டெல்லியிலாவது ஆறுதல் கிடைத்ததா என்றால், கிடைத்தது. முதலில் கட்டிவிட்டுப் பிறகு சுற்றுச்சூழல் அனுமதி வாங்கும் முறை செல்லாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது பலருக்கு மூச்சு நின்றது. நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. மூச்சு வந்தது.

பெரும்பாக்கம் என்றதும் மனிதர்களின் நினைவும் வருகிறது. அடையாறு, கூவம் கரைகளில் குடிசை போட்டிருந்தவர்கள் வெள்ளத்தில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று 2015-க்குப் பிறகு அரசு மிகவும் கவலைப்பட்டது. அவர்களைக் கரையிலிருந்து தூக்கிப் பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும். எங்கே வைத்தார்கள்? ஊருக்கு வெளியே, பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில், பெரும்பாக்கத்தில், 20,000-க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளில். ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றிச் சதுப்பு வெள்ளத்தில் சேர்த்த இந்தப் பரிவை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து ஊருக்கே காட்டிக்கொடுத்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எங்கும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. பால் பாக்கெட்டும் குடிநீர் கேனும் படகில் வந்தன. அப்போதுதான் எனக்கு 2017 விதிகளின் தீர்க்கதரிசனம் உறைத்தது. சதுப்பின் உயர்வெள்ள மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது, படகுத்துறை மட்டும் கட்டிக்கொள்ளலாம் என்கிறது ஒரு விதி. அன்று அத்தனை வீட்டுப் படியும் படகுத்துறைதான். விதிமீறல் என்று ஒருவரையும் குற்றம் சொல்ல முடியாது.

சதுப்பு தன் பழைய எல்லையை ஒரு சர்வேயரும் இல்லாமல், ஒரே இரவில் தானே அளந்து காட்டியது அந்த வாரத்தில்தான். எந்தத் தெரு, எந்த வீடு, எத்தனை அடி என்று சுவரில் கறை போட்டே காண்பித்தது. அதை யாரும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளவில்லை. முறையான விண்ணப்பம் இல்லாத அளவையை ஏற்பது மரபில்லை.

இனி வரப்போகும் காலத்தை நினைத்தால்தான் எனக்குப் புல்லரிக்கிறது. சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022-இல் விரித்துவிட்டார்கள். மூன்றாவது மாஸ்டர் பிளான் தயாராகிறது. இதுவரை தென்சென்னையின் ஒரு மூலைக்கு மட்டும் கிடைத்துவந்த அன்பு, இனி செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்து ஏரிகள் அனைத்துக்கும் கிடைக்கும். அங்கே கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் சங்குவளை நாரையும் ஏரிக்கு ஏரி உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைக் குறித்து அதிகாரிகள் மனம் கலங்க வேண்டியதில்லை. பாசனத்துக்காக மனிதர் கட்டிய நீர்நிலைகள் சதுப்பு நிலம் என்ற வரையறைக்குள்ளேயே வராது என்று அந்த 2017 விதிகள் முன்கூட்டியே தெளிவாக்கிவிட்டன. நம் ஏரிகள் எல்லாம் பாசனத்துக்காகக் கட்டியவைதானே. கரிக்கிலியும் வேடந்தாங்கலும் ஏரிகளாக இருந்துகொண்டே சரணாலயம், ராம்சார் என்று பெயர் வாங்கிவிட்டன. அது ஏதோ பறவைகளின் பிடிவாதத்தால் நேர்ந்தது. மற்ற ஏரிகளுக்கு அது முன்னுதாரணம் ஆகாது.

மூன்றாவது மாஸ்டர் பிளானுக்குப் பொதுமக்கள் ஆலோசனை சொல்லலாம் என்கிறார்கள். என் ஆலோசனை சிக்கனத்தை முன்னிட்டது. நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் நீர்நிலைக்கென்று அடர்த்தியான நீல மை செலவாகிறது. சில ஆண்டு கழித்து அதன்மேல் வீட்டுமனைக்கு ஒரு நிறம், வணிகத்துக்கு ஒரு நிறம் என்று மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கிறது. இந்த முறை நீலத்தை நிரப்பாமல், ஓரத்தில் மட்டும் புள்ளிக்கோடாகப் போட்டு, அடியில் சின்ன எழுத்தில் ‘களச் சரிபார்ப்புக்கு உட்பட்டது’ என்று அச்சிட்டுவிடலாம்.